வெள்ளை மூக்குக் குட்டி

அன்புள்ள சிட்டுவுக்கு,

பிள்ளைகள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மிளகும் அவளுடைய நான்கு குட்டிகளும் நலம். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பதில் சொல்கிற சாக்கில் பாதியை விழுங்கிவிடுவேன். ஆறு வாரமாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. குட்டிகளுக்குப் பல் வந்துவிட்டது. என் செருப்பில் இடது கால் இப்போது அரைச் செருப்பு. சின்னவள் நான்கையும் சோபாவுக்கு அடியில் வரிசையாக உட்கார வைத்து, "உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு" என்று பஸ் ஓட்டுகிறாள். அவளுக்கு நாலு வயசு முடிவதற்குள் நாலு நாய்க்கும் கண்டக்டர் ஆகிவிட்டாள். குக்கர் விசில், மிக்சி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை, எதற்கும் குட்டிகள் பயப்படுவதில்லை. இதெல்லாம் கால்நடை டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி பெரியவள் ஆரம்பித்து வைத்தது.

குட்டிகள் பிறந்த மறுநாள் டாக்டரம்மா வீட்டுக்கு வந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும், பெரியவள் போனில் உனக்கு ஒப்பித்தாளே. கண் திறக்கும்வரை அதிகம் தொடக்கூடாது. பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, அம்மாவின் வயிறுதான் அதற்கு அடுப்பு. எடை பார்க்க மட்டும் எடுக்கலாம், கையைக் கழுவிவிட்டு, தரையில் உட்கார்ந்து, அம்மா பார்க்கும்படியாக. ஒன்பது வயசுப் பிள்ளை அதை வேதமாக எடுத்துக்கொண்டது. தினமும் பள்ளிக்குப் போகுமுன் சமையல் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, கோடு போட்ட தாளில் எடையை எழுதுவாள். ஐந்து வரிசை. நான்காவது வரிசை வெள்ளை மூக்குக் குட்டிக்கு. இருப்பதில் அதுதான் சின்னது, அவளுக்கு அதன்மேல்தான் உயிர்.

சிட்டு, அந்தக் குட்டியைக் கொன்றது அவள் இல்லை. நான்.

அன்று புதன்கிழமை, எனக்கு வார விடுமுறை. சின்னவள் பக்கத்து வீட்டில் இருந்தாள். குட்டிகள் பிறந்து ஒன்பதாம் நாள். வெள்ளை மூக்கின் முகத்தைக் கிட்டத்தில் காட்டச் சொல்லி நீ முந்தின நாள் கேட்டிருந்தாய். நீ கேட்டதால்தான் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லித் தப்பிக்கலாமா என்று இந்த ஆறு வாரத்தில் ஒரு தடவை யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குட்டியை எடுத்தால் மிளகு விடமாட்டாள் என்று அவளைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்தினேன். வெளிச்சத்துக்காகக் குட்டியை ஜன்னலோர நாற்காலியில் வைத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். அப்போதுதான் கண்ணாடிக் கடையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். யாருக்கோ வலது கண் லென்சை இடது பக்கத்துக்கு வெட்டிவிட்டேனாம். நான் வெட்டவில்லை என்று வாசலில் நின்று கத்தினேன். கத்திக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். தப்பு என்னுடையது இல்லை என்று நிரூபிக்கத்தான் அவ்வளவு அவசரம்.

திரும்பி வந்தபோது மூன்று மணி. குட்டி நாற்காலியிலிருந்து நகர்ந்து விழுந்து, வெறும் தரையில் கிடந்தது. துண்டால் தேய்த்தேன், சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன், வெந்நீர்ப் புட்டி வைத்தேன். கை வைத்தவுடனே தெரிந்துவிட்டது, இருந்தாலும் செய்தேன். மற்ற நான்கும் பசியில் கத்திக்கொண்டிருந்தன. கதவைத் திறந்தபோது மிளகு என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேரே குட்டிகள் இருந்த பெட்டிக்கு ஓடினாள். கதவின் கீழ்ப்பகுதி முழுக்க அவள் கீறியிருந்தாள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குட்டியைப் பெட்டிக்குள் மற்றவற்றின் நடுவே வைத்தேன். பெரியவள் நான்கு மணிக்கு வந்தாள், பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது ஏன் ஜில்லுன்னு இருக்கு?" என்று கேட்டாள். நான் அவளிடம், "காலையில எடை பார்த்தியே, சரியா அம்மாகிட்ட வெச்சியா?" என்று கேட்டேன். கேள்வி மாதிரிதான் கேட்டேன். அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "வெச்சேன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். சாயங்காலம் கதவுக்குப் பெயிண்ட் அடித்தேன்.

அன்றைக்கு நீ போனில் அவளிடம் சொன்னது எனக்குச் சமையலறைவரை கேட்டது. "ஒரு உயிரைக் கையில எடுத்தா கவனம் வேணும், உனக்கு அது இல்ல, இனிமே தொடாத" என்றாய். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நோயாளிகளைத் தொட்டுத் தூக்குகிறவள் நீ, அப்படித்தான் சொல்வாய். உன் வாயால் அவளைத் திட்ட வைத்தது நான். நான் அனுப்பிய படத்தில் நேரம் இருக்கிறது, பகல் பதினொன்று. அப்போது அவள் பள்ளியில் இருந்தாள். நீ அதைக் கவனித்துவிடுவாயோ என்று இரண்டு நாள் பயந்தேன். கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதன்பின் அவள் குட்டிகளைத் தொடவில்லை. கண் திறந்தபோது வாசற்படியில் நின்று பார்த்தாள். எடைத் தாளைச் சின்னவளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு நாள் குட்டி ஒன்று அவள் காலடிக்கு ஓடிவர, சின்னவள், "அக்கா தொடாத, செத்துப்போயிடும்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். பெரியவள் "சரி" என்று காலை நகர்த்திக்கொண்டாள். நான் அங்கேயேதான் இருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை தடுப்பூசிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா சீட்டைப் பார்த்து, ஐந்தில் ஒன்று போய்விட்டதே, என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள், "நான் சரியா வைக்கல டாக்டர், குளிர்ல செத்துடுச்சு" என்றாள். அழவில்லை. பேர் கேட்டால் பேர் சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டரம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் வைத்துவிட்டால் குட்டி எப்படியும் ஊர்ந்து அம்மாவிடம் போய்விடுமே என்று யோசனையாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில்தான் சொன்னேன். கூடையில் குட்டிகள், மடியில் சின்னவள் தூக்கம். நாற்காலி, கதவு, கடை, எல்லாம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்போ நான் சரியாத்தான் வெச்சேனா?" சரியாகத்தான் வைத்தாய் என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்தடுத்து இரண்டு பஸ் போனது, நாங்கள் ஏறவில்லை. பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து என்னிடம் வேலைக்கு மட்டும்தான் பேசுகிறாள். உப்பு எடுங்க, கையெழுத்துப் போடுங்க, அவ்வளவே. அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் நேற்று கையைக் கழுவிக்கொண்டு வந்து, மிளகின் எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கறுப்புக் குட்டி முதலில் ஏறியது. சின்னவள், "அக்கா தொடாத" என்று மறுபடி ஆரம்பித்தாள். நான் அவளைக் கூப்பிட்டு, அக்கா ஒன்றும் செய்யவில்லை, அப்பாதான் செய்தேன் என்று அவளுக்கும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ நீங்க தொடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

உன் கோபம், தண்டனை எதுவானாலும் நான் வாங்கிக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அவளைக் கூப்பிடு. நீ அன்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள். கடிதமாக எழுதுகிறேன் என்று நான் சொன்னதிலிருந்து, அது அம்மாவுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று அவள் தினமும் கேட்கிறாள், என்னிடம் அல்ல, தபால்காரரிடம்.

நீ பேசும்போது அவள் மறுபக்கம் சும்மா இருப்பாள். கேட்கிறதா இல்லையா என்றே தெரியாது. அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நீ மட்டும் போனை வைத்துவிடாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

இன்னமும் உன் கணவன் என்றே எழுதிக்கொள்ளும்,
நான்.