கூட்டல் சரி

சேகரு, என் பட்டுத் தம்பி,

இந்தக் கடிதத்தை நம்ம ஊர் மாத இதழில் போடச் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. ஊர் கேட்கத்தான் உன்மேல் பழி விழுந்தது. இதையும் ஊர் கேட்கட்டும்.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றபின் அந்தப் பக்கமே போகாதவள். ஷாலினி கூப்பிட்டிருந்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். இப்போது கம்ப்யூட்டர் அறையில் உன் நாற்காலியில் அவள்தான்.

"டீச்சர், நீங்க கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு ஃபைல்ல இருக்குது. சேகர் சார் பாவம் டீச்சர். வந்து பாத்துட்டுப் போங்க."

அந்தத் தாள் எதுவென்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

அப்போது பள்ளியின் மார்க்கு, வருகைப் பதிவு எல்லாம் ஒரே யூனிக்ஸ் சர்வரில்தான் ஓடின. நீ எழுதிய புரோகிராம், நீ பார்த்துக்கொண்ட மெஷின். பரீட்சை நேரத்தில் அது திணறியது. வெளியிலிருந்து வந்த ஓர் ஆள் ஒரு பட்டியல் எடுத்துக் கொடுத்தான். உன் புரோகிராம் ஒரே நேரத்தில் நாற்பது பிரதிகளாக ஓடுமாம், பிரதிக்குப் பெயர் பிராசஸ். நாற்பது பிராசஸ், நாற்பது வரி. ஒவ்வொன்றுக்கும் நேராக மெமரி 550 எம்.பி. காலையில் கொஞ்சமாக இருந்தது மதியத்துக்குள் இப்படி ஏறுகிறது, உன் புரோகிராமில் எங்கோ மெமரி கசிகிறது என்றும் சொன்னான். தாளாளர் அதை என் முன்னால் வைத்தார்.

"நீங்கதான் கணக்குல புலியாச்சே டீச்சர், கூட்டிப் பாருங்க. அக்காவே சொல்லிட்டா அப்புறம் யாரு என்ன பேச முடியும்?"

தம்பிக்குச் சாதகமாக நடந்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. கூட்டினேன். 22,000 எம்.பி. சிவப்பு மையில் 'கூட்டல் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆசிரியர் அறை வாசலில் நீ என்னை மறித்தது நினைவிருக்கிறதா?

"யக்கா, மெஷின்ல இருக்கற மெமரியே பதினாறாயிரத்துச் சொச்சம். நீ இருவத்திரண்டாயிரம்னு எழுதியிருக்க. இல்லாதத எப்படிக்கா அது முழுங்கும்?"

"கூட்டல்ல தப்பு இருந்தா சொல்லுடா."

"கூட்டல்ல இல்லக்கா. கூட்டுனதே தப்பு. ஒரே பொதுச் சூளையில பீங்கான் சுடுற பட்டறை நாப்பதுக்கும் போயி, உங்களுக்குச் சூளை எத்தனைன்னு கேளு. ஆளுக்கு ஒண்ணும்பாங்க. நம்மூர்ல நாப்பது சூளை இருக்குதுன்னு எழுதிடுவியா?"

"உதாரணமெல்லாம் வேணாம். எண்ணக் காட்டு."

நீ சிரித்தாய். "முப்பது வருஷமா உதாரணம் சொல்லியே புள்ளைங்க உசுர வாங்கினவ பேசற பேச்சா இது?"

எண்ணை எப்படிக் காட்டுவாய்? யார் யாரோடு எவ்வளவு பகிர்கிறார்கள் என்று சொல்லும் கோப்புகளைத் திறக்க அதற்கான அனுமதி வேண்டுமாம். அன்று காலையே உன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. நீ சொல்லவுமில்லை. ஏன்டா சொல்லவில்லை?

அந்தத் தாளைக் காட்டியே உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு பெண்ணாடத்தில் ஒரு கடையில் பில் போடப் போனாய். ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்தவன் வீடு திரும்பவில்லை. என் கையெழுத்துதான் காரணம் என்று சொல்ல எனக்கு மருத்துவம் தெரியாது. இல்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை.

இப்போது செய்தி கேள். திணறலுக்குக் காரணம் பழைய டிஸ்க்காம். புது மெஷின் வந்ததும் சரியாகிவிட்டது. நீ போனதால் சரியானது என்று பேசிக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, இன்றைக்கும் ஓடுவது உன் புரோகிராம்தான். நாற்பது வரியைக் கூட்டினால் இன்றைக்கும் அதே 22,000 வருகிறது.

ஷாலினி காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இருப்பது 50தான். மீதி 500 பொது. இருப்பது ஒரே ஒரு 500, ஆனால் நாற்பது வரியிலும் முழுசாக வந்து உட்காருகிறது. மெமரியை நோட்டுப் போலப் பக்கம் பக்கமாகப் பிரித்திருக்குமாம். பொதுவில் ஒரு பக்கத்தை ஒரு பிராசஸ் தொட்ட பிறகுதான் அந்தப் பக்கம் அதன் வரியில் ஏறுமாம். காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கசிவே இல்லை. சரியாக அளக்க, பொதுவை நாற்பதாகப் பங்கிட வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டரை. சொந்தத்தோடு அறுபத்திரண்டரை. நாற்பதால் பெருக்கினேன். 2,500.

சேகரு, இது ஒன்பதாம் வகுப்புக் கணக்குடா. டீ குடிப்பவர் இத்தனை பேர், காபி குடிப்பவர் இத்தனை பேர், இரண்டும் குடிப்பவரை ஒருமுறை கழி. கழிக்க மறந்த பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டவள் நான்.

தாளாளர் அறைக்குத் தாளை எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

"முடிஞ்சு போனதக் கிளறாதீங்க டீச்சர். அவரே இல்ல. நீங்கதானே கூட்டல் சரின்னு எழுதினீங்க? கூட்டல் சரிதானே?"

தாளை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஷாலினி ஒரு பிராசஸை நிறுத்திக் காட்டினாள். "பாருங்க டீச்சர், ஒண்ணு போயிடுச்சுன்னா அதோட பங்கு மத்ததுமேல ஏறிடுது. பொதுவுல இருக்கறது குறையாது." நல்ல பெண். கணக்கைத்தான் சொன்னாள். நான் படி இறங்கி வெயிலில் நின்றேன். அம்மா நம் இருவருக்கும் ஒரே தட்டில் சோறு பிசைந்து வைத்தது, அப்பாவின் சைக்கிளில் நீ முன்னால் நான் பின்னால் போனது, இதெல்லாம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இப்போது முழுசும் என் வரியில்.

அடுத்த திங்களும் தாளாளர் அறைக்குப் போவேன். அதற்கடுத்த திங்களும். அந்தத் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே, அதே சிவப்பு மையில், 'எண்ணியது தவறு' என்று எழுதாமல் விடமாட்டேன். இது உன்மேல் ஆணை.

கூட்டத் தெரிந்து, எண்ணத் தெரியாமல் போன
உன் அக்கா,
தமிழரசி
விருத்தாசலம்