பூசைக் கருத்தில் பிரின்ஸி பெயர்

அக்டோபர் 9, 2006, திங்கள்

கீழ வயலில் நடவு முடிந்தது. ஜெபமாலை மாதம், இன்று என் வீட்டு முறை. தெருவே வந்து செபம் சொன்னது. அவல் பத்தவில்லை. இந்த டைரி குவைத்திலிருந்து தம்பி லூர்துராஜ் அனுப்பியது. அங்கே வெள்ளிதான் லீவாம், அதனால் இதில் வெள்ளிக்கிழமைதான் சிவப்பு, ஞாயிறு கறுப்பு. எழுதினால் தூக்கம் வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். பார்ப்போம்.

அக்டோபர் 11, புதன்

காலேஜிலிருந்து போன். தம்பி மகள் பிரின்ஸியை வந்து கூட்டிப் போகச் சொன்னார்கள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் குவைத்தில். இங்கே கார்டியன் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். போனேன்.

விடியற்காலையில் விடுதி மொட்டைமாடியில் தனியாக நின்றாளாம். "எனக்கு இருக்கவே பிடிக்கல" என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். தோழி வார்டனிடம் சொல்ல, வார்டன் மேலிடத்தில் சொல்லிவிட்டார். காலேஜ் விதியாம். மனநல டாக்டர் பார்த்து எழுதித் தரும்வரை உள்ளே வரக்கூடாது. இருபத்தேழாம் தேதிக்குள் சர்ட்டிபிகேட் வராவிட்டால் பரீட்சை கிடையாது, ஒரு வருடம் போய்விடும். "பிள்ளையோட நல்லதுக்குத்தாம்மா" என்றார் வார்டன். டாக்டரிடம் கொடுக்க ஒரு கவர் தந்தார். ஒட்டியிருந்தது. வெளியே பெயர்கூட இல்லை, நம்பர் மட்டும்.

பஸ்ஸில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் கிளாஸ்ல இருந்திருப்பேன் அத்தை."

எனக்கு அழுகை வரவில்லை. ஏன் வரல மாதாவே?

அக்டோபர் 12

சாப்பிட்டாள். நான்தான் பேசினேன்.

அக்டோபர் 13, வெள்ளி

தஞ்சாவூரில் ஆனந்தவல்லி என்று ஒரு டாக்டரம்மா. பத்தொன்பதாம் தேதி வரச் சொன்னார்கள். லூர்துராஜ் போனில் கத்துகிறான்: "அக்கா, ஒண்ணுமில்லன்னு சொல்லி எழுதி வாங்கிரு. வருஷம் போயிடக் கூடாது." நானும் அவளிடம் அதையே சொன்னேன். "கேட்டா நல்லாருக்கேன்னு சொல்லுடி." தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய், ஞாயிறு பூசையில் அவளுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுத்து வந்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை.

பூசைக்கு முன்னால் உபதேசியார் ரெமிஜியஸ் கருத்துகளையெல்லாம் மைக்கில் வாசிப்பார். நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். ஆபரேஷன், விசா, மழை, எல்லாத்துக்கும் நாங்கள் பேரோடுதான் எழுதிக் கொடுப்போம். பேரில்லாட்டி மாதாவுக்கு ஆள் தெரியாதா? அது அன்னைக்குத் தோணல.

"குவைத் லூர்துராஜ் மகள் பிரின்ஸி மனநலம் பெற, அத்தை விண்ணரசி."

என்றைக்கும் கரகரக்கிற மைக், இன்னைக்குன்னு பார்த்து மணியா பேசுச்சு. பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிச்சு. பிரின்ஸி மட்டும் திரும்பல. பீடத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா.

வாசலில் பக்கத்து வீட்டு ராசம்மாள் பிடித்துக்கொண்டாள். "என்ன விண்ணரசி, படிச்சுப் படிச்சு மண்டை சூடாயிடுச்சா புள்ளைக்கு? நல்லெண்ணெ வச்சுக் குளிப்பாட்டு."

வீட்டுக்கு வந்ததும் பிரின்ஸி சொன்னாள்: "காலேஜ்லகூட கவர ஒட்டித்தான் அத்தை குடுத்தாங்க."

என்னடி பண்ணிட்டேன் நான்.

அக்டோபர் 17

மழை. நட்ட நாற்று வேர் பிடித்து நின்றுவிட்டது. வேறு ஒன்றுமில்லை.

அக்டோபர் 19, வியாழன்

தஞ்சாவூர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னாள், "ஊருக்கே தெரிஞ்சாச்சு. டாக்டர்கிட்ட மட்டும் என்னத்த மறைக்க." உள்ளே போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. நான் ஜெபமாலை உருட்டினேன். எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். விடுதி இப்போது வேண்டாம், வீட்டிலிருந்து வந்து பரீட்சை எழுதலாம், வாரம் ஒருமுறை இங்கே வரவேண்டும் – அப்படித்தான் எழுதித் தருவேன் என்றார் டாக்டரம்மா. "காலேஜ் ஒத்துக்கலன்னா?" என்றேன். "அதுக்காகப் பொய் எழுத முடியாதும்மா."

எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல நீங்கதானே கூட இருக்கப் போறீங்க? நீங்க தூங்குறீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் தவறிப் போனதுலேருந்து இல்லம்மா. நாலு வருஷம்." நெல்லு விலை சொல்வதுபோலச் சொன்னேன். பேனா நின்றது. "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஊர் பூராவும் பேசுகிறவள் நான். இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் ஒரு மருந்துச் சீட்டு எழுதினார்.

அக்டோபர் 23

டாக்டர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வார்டன் படித்துவிட்டு, "விதில இப்படி இல்லையே. மேல கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

அக்டோபர் 25

காலேஜிலிருந்து போன் வரவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

சாயங்காலம் நாலரைக்குப் போன். வீட்டிலிருந்து வந்து எழுதலாமாம். விடுதி பற்றி ஜூனில் பார்ப்பார்களாம். அவள் கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுத்தாச்சு, பெட்டியை எடுத்துப் போங்கள் என்றார்கள். சந்தோஷப்பட வேண்டும். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

நேற்றுக் கருத்துச் சீட்டைக் கொடுத்தபோது ரெமிஜியஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, பேர மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்ல. அப்படியே வாசிங்க."

வாசித்தார். "விண்ணரசி மனநலம் பெற, விண்ணரசி." பெண்கள் பக்கம் திரும்பியது. நான் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ராசம்மாள் ஒன்றுமே கேட்கவில்லை.

வாய்க்கால் மதகு தாண்டும்போது பிரின்ஸி கேட்டாள். "எனக்காகத்தானே அப்படி எழுதுனீங்க?"

"பூசைக்குப் பொய் எழுதிக் குடுப்பாங்களாடி?"

அப்புறம், "தூக்கம் வரலன்னா என்ன பண்ணுவீங்க அத்தை?" என்றாள். சொன்னேன். வீடு வரைக்கும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நாளை முதல் பரீட்சை. ஆறேகால் பஸ். புளிசாதம் ரெண்டு டப்பா கட்டணும், நானும் போகிறேன்.