ஜீப்புக்கு வளையல் போட்டாச்சு, மாமா

கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஓயாமல் ஜீப் ஓட்டின என் ஆசை மாமாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டால் நீ கிண்டல் பண்ணுவாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் ஜீப்புக்கு சைடு பார் மாட்டியாகிவிட்டது. ரெண்டு பக்கமும் நல்ல கனமான இரும்புப் பைப். முன்னே ஒருதரம் நான் இந்தப் பேச்சை எடுத்தபோது, "ஜீப்புக்கு எதுக்குடா வளையலு?" என்று கேட்டு ஸ்டாண்டே சிரிக்க வைத்தாயே, அந்த வளையலைத்தான் போட்டிருக்கிறேன். போட வைத்தது யார் என்று நினைக்கிறாய்? உன் பொண்டாட்டி. என் அக்கா.

உன் காரியம் முடிந்த மறுநாளே அவள் ஜீப் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் போய்க் கேட்டேன்.

"வண்டி நின்னா ரெண்டு வூட்லயும் அடுப்பு எரியாதுக்கா."

"எரிய வேணாம். நீயும் அந்த மனுசன் மாதிரி பாதி ஒடம்ப வெளிய போட்டுக்கினுதான ஓட்டுவ? சைடுல கம்பி போட்டுக்கினு வா. அப்பறம் சாவி கேளு." அரிசி களைந்துகொண்டே சொன்னாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் புரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மலைக்கு ஓடுகிற டிரிப் ஜீப்பில் டிரைவர் முழு சீட்டில் உட்கார்வது கிடையாது. முன்னால் ஆள் ஏற ஏற அவர் நகர்ந்து கொடுப்பார். கடைசியில் வலது தொடையும் காலும் வண்டிக்கு வெளியே தொங்கும். கதவு என்று ஒன்று கிடையவே கிடையாது. கடுக்காய் மூட்டையோடு யாராவது கிழவர் கை காட்டினால் போதும், "நகுந்து குந்து பெரியவரே" என்று உன் சீட்டைக் கொடுத்துவிடுவாய். "டிரைவருக்கு இன்னாத்துக்குடா சீட்டு? ஸ்டேரிங்கு இருந்தா பத்தாதா?" என்பாய். அதில் உனக்கு ஒரு பெருமை.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தாய். இட ஒதுக்கீடு கேட்டு எல்லா ஊரிலும் சாலை மறியல் நடந்த நாள். மலையிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பின்னால் அவளும் அவள் அம்மாவும் நானும். முன்னால் அவள் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நீ வெளியே.

கள்ளக்குறிச்சி ரோட்டில் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பிள்ளைத்தாச்சி என்று தெரிந்ததும் மறியலில் நின்ற ஆட்களே ஓடிவந்து கரும்புக்கொல்லை ஓரமாக வழிகாட்டினார்கள். "வா வா, சைடுல வா" என்று ஒருத்தன் துண்டை ஆட்டியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காய்ந்த கரும்பு இலைச் சோகை மூடிக் கிடந்த ஓர் அடிக்கட்டை அவன் கண்ணுக்கும் தெரியவில்லை, உன் கண்ணுக்கும் தெரியவில்லை. உன் தொடையில் இடித்துக் கிழித்தது, ரத்தம் நிற்கவே இல்லை. நான் முன்னால் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். உன்னைப் பின்னால் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே கிடத்தினோம். "அந்தப் பொண்ண மொதல்ல எறக்குங்கடா" என்றாய். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கினோம். உன்னை இறக்கும்போது நீ இல்லை.

மறியலில் நின்றவர்கள் கேட்டது படிப்பும் வேலையும். அது நியாயம்தான் என்று நீயும் டீக்கடையில் வாதாடினவன். நம் தெரு ஆட்களும் அதில் இருந்தார்கள். பிறகு நான் யார்மேல் கோபப்படுவது? எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய கோபமெல்லாம் உன்மேல்தான். "ஊருக்கெல்லாம் சீட்டு குடுத்தாரே, எனக்கு ஒருத்தர வுட்டு வெச்சாரா?" என்றாள். ஆனால் அழவில்லை மாமா. சாவு வீட்டிலும் அழவில்லை. அது எனக்கு ரொம்ப பயமாக இருந்தது.

குழந்தையைப் பற்றிக் கேட்பாய். பெண் குழந்தை. இப்போது குப்புற விழுகிறது. உன் பெயரையே வைக்கிறோம் என்று மலையிலிருந்து வந்து சொன்னார்கள். பொட்டைப் பிள்ளைக்கு ஏழுமலையா என்று நான்தான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன்.

சரி, பார் கதைக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற லத்தீப் பாயிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். சாவிதான் இல்லையே! பாய் உன்னை நினைத்துக் கண் கலங்கி, பாசத்தில் ஒரு வேலை செய்தார். பைப்பு மேல் அகலமாக, கால் வழுக்காத புள்ளித் தகடு ஒன்று வைத்துப் பற்றவைத்துவிட்டார். பார்க்க ஜம்மென்று இருந்தது. நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். அக்கா சாவியைக் கொடுத்தாள்.

மறுநாள் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன். நம் ஜனங்களைத் தெரியாதா உனக்கு? "அடேயப்பா, படிக்கட்டு போட்டுட்டான்டா சேகரு!" என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். முன்னே உள்ளே இடமில்லையென்றால் அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். இப்போது ரெண்டு பக்கமும் தகட்டின்மேல் வரிசையாக ஏறித் தொங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் ஆட்டுக்குட்டியோடு நின்றார். பாதுகாப்புக்குப் போட்டதில் ஆபத்துதான் ஜாஸ்தியாச்சு. நானோ வழக்கம்போலக் காலை வெளியே போட்டு, அதே தகட்டில் சுகமாக ஊன்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்!

சந்தைக்கு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். நடு ரோட்டில் வண்டியை மறித்தாள். "எறங்குங்க எல்லாரும்." மடமடவென்று இறங்கினார்கள். என்னிடம் கையை நீட்டினாள். சாவி மறுபடியும் முந்தானைக்குப் போய்விட்டது.

இந்தத் தரம் அவளே பட்டறைக்கு வந்தாள். "பாய், கால் வெக்க எடமே இருக்கக்கூடாது. டிரைவரு நெனச்சாலும் கால வெளிய வுட முடியக்கூடாது."

"அப்ப டிரைவரு எப்புடிம்மா ஏறுவாரு?"

"தாண்டி ஏறட்டும். குதிர மேல ஏற்றதில்ல?"

தகட்டை அறுத்து எடுத்தார் பாய். கீழ்ப் பைப்பை, பாடியில் இல்லாமல் வண்டியின் அடிச்சட்டத்தில், சேஸிலேயே கனமான போல்ட் போட்டு, ஒரு சாண் வெளியே தள்ளி முடுக்கினார். இடுப்பு உயரத்தில் குறுக்கே இன்னொரு பைப். ரெண்டுக்கும் நடுவில் நெருக்கமாகச் சாய்த்த கம்பிகள். அக்கா சாவியைத் தந்தாள், அதையும் தினம் ராத்திரி திருப்பி வாங்கிக்கொள்வாள். இனி ஒருத்தனும் நிற்க முடியாது. டிரைவரும் சீட்டுக்குள்தான் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் முன்னால் ஒரு ஆள் கம்மி. "ஏழுமல இருந்திருந்தா எடம் குடுத்திருப்பான்" என்று சொல்லிக் காட்டாத ஆள் கிடையாது. கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று தைக்கும். நீ கொடுத்திருப்பாய்தான்.

போன வாரம் மறுபடியும் மறியல். அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தாள், நீ போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினாள். கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பும்போது அதே ரோட்டில் மரம் கிடந்தது. நான் கொல்லைப்பக்கம் வண்டியை இறக்கினேன். பார்த்துத்தான் போனேன் மாமா, சத்தியமாகப் பார்த்துத்தான் போனேன். மண் சறுக்கி வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. டங்கென்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

அக்கா இறங்கிச் சுற்றி வந்தாள். வெட்டின கட்டை ஒன்று கீழ்ப் பைப்பில் முட்டிக்கொண்டு நின்றது. பைப் உள்வாங்கி வளைந்திருந்தது. அதற்கு உள்பக்கம் என் கால், ஒரு கீறல் இல்லாமல். அவள் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த வளைவில் கையை வைத்தாள்.

"இவ்ளோதானாடா?" என்றாள். "ஒரு பைப்புதானா? ஒரு பைப்பு இருந்திருந்தா எம் புருசன் இருந்திருப்பாரா?"

அப்படியே சோகையில் உட்கார்ந்து அழுதாள் மாமா. ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி நின்றார்கள், மறியலில் இருந்த ஆட்களும் வந்து நின்றார்கள். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. நானும் அழுதேன். ரொம்ப நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, "வண்டிய எடு. மலையில ஜனங்க காத்துக்கினு இருப்பாங்க" என்றாள். சாவி வண்டியிலேயேதான் இருந்தது. அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

வளைந்த பைப்பை நிமிர்த்தித் தருகிறேன் என்கிறார் பாய். வேண்டாம் என்றுவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கிழவர் வந்தாலும், பிள்ளைத்தாச்சி வந்தாலும் ஏற்றிக்கொள்வேன். கூட்டம் ஜாஸ்தியென்றால் இன்னொரு டிரிப் அடிப்பேன். யாரையும் ரோட்டில் விட்டுவிட்டு வர மாட்டேன். ஆனால் உன் சீட்டில் மட்டும் ஒரு விரக்கடைகூட யாருக்கும் தர மாட்டேன். நீயே வந்து கை காட்டினாலும் பின்னால்தான் ஏறணும் மாமா.

உன் இடத்தில் முழுசாக உட்கார்ந்து ஓட்டுகிற,
உன் மச்சான்
சேகர்