பாட்டிலில் பாதி

இன்று காலை வீட்டில் பால் தீர்ந்துவிட்டது. மருமகள் கண்ணாடித் தம்ளரில் பால் விடாத டீ கொண்டுவந்து வைத்தாள். என் கை தானாக அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. "என்ன அத்தை, தூசி கிடக்கா?" என்றாள். என் பழைய சிநேகிதியே, உன் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஐம்பதுகளில் ஒரு கோடை. உத்தனப்பள்ளிப் பக்கம் கிணறு வெட்டும்போது மண் சரிந்து, அவர் இடுப்புவரை அரை நாள் புதைந்து கிடந்தார். நீயும் ஊர்க்காரர்களும் மாட்டுவண்டியில் நான் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீர்கள். எலும்பு முறியவில்லை, தொடைகள் வீங்கியிருந்தன, அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊர்க்காரர்கள் திரும்பிப் போனார்கள். டாக்டர் மட்டும் மூத்திரப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கருஞ்சிவப்பாக இருந்தது.

"நசுங்கின தசை ரத்தத்துல கலந்து கிட்னிக்குப் போகுது சிஸ்டர். அளவு குறைஞ்சுக்கிட்டே வந்தா கிட்னி நிக்கப் போகுதுன்னு அர்த்தம். அப்போ தண்ணியைக் கட்டுப்படுத்தணும், இல்லேன்னா உடம்புல தேங்கியே ஆளைக் கொன்னுடும். நல்லா இறங்கினா தாராளமா குடுங்க."

பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டேன். "இதுக்குக் கீழே இருந்தா ஆபத்து" என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. உனக்கென்ன புரியும் என்ற நினைப்பு. புது நர்ஸ் இல்லையா, தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

இரண்டு நாளும் கோட்டுக்குக் கீழேதான். மூன்றாம் நாள் காலையில் பாட்டில் கோட்டைத் தாண்டியிருந்தது, நிறமும் வெளுத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் வர மதியமாகும் என்று நானே தண்ணீர் கொடுத்தேன். முதல் தம்ளரை மடமடவென்று குடித்தார். இரண்டாவதை நீட்டும்போது நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"வேணாம் சிஸ்டரம்மா. அந்தப் பாட்டில்ல பாதி என்னுது."

நான் விழித்தேன். நீ அழுதாய். "கம்மியா இருந்தா பெங்களூருக்குக் கூட்டினு போயிடுவாங்கன்னு பக்கத்துக் கட்டில்காரங்க சொன்னாங்க. எங்கண்ணனக் கூட்டினு போனாங்க, திரும்பி வர்ல. அதான் நானே..."

வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். பயத்தில் திட்டியதுதான். டாக்டர் வந்து எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "எதுக்கு அளக்குறோம்னு இந்தம்மாகிட்ட சொன்னீங்களா? பெங்களூர்லயும் இதையேதான் செய்வாங்க."

டாக்டர் சொன்னபடியே மூத்திரம் நின்றது. முகம் ஊதியது. அளந்து அளந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். தினமும் நீயே பாட்டிலைத் தூக்கி வந்து, "இவ்ளோதான். முழுசும் அவருதுதான்" என்பாய். அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வரும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை வராந்தா முழுக்க உன் சத்தம்: "பாட்டில் பத்தல சிஸ்டரம்மா, இன்னொண்ணு குடுங்க!"

அப்புறம் எத்தனை தை மாதம், எத்தனை மூட்டை அவரைக்காய் எனக்குக் கொண்டுவந்தாய்! அவர் பேரன் பேத்தி பார்த்துத்தான் போனார். போன மாதம் நீயும் போய்விட்டாய் என்று உன் மகன் வந்து சொன்னான். நிறைவாக வாழ்ந்தாய், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அன்றிலிருந்து காரணம் சொல்லாமல் எந்தக் கட்டிலடியிலும் நான் பாட்டில் வைத்ததில்லை. "குறைஞ்சா யாரும் திட்ட மாட்டோம், உள்ளதைச் சொல்லுங்க" என்பேன். அது நீ கொடுத்தது.

ஒன்று மட்டும் பாக்கி. பஸ்ஸில், சந்தையில், கல்யாண வீட்டில், "எங்க வீட்டுக்காரர் உசுரக் காப்பாத்தினவங்க" என்று என்னைக் காட்டுவாய். நானும் சிரித்தபடி ஏற்றுக்கொள்வேன். அந்த இரண்டாவது தம்ளர் என் கையில்தான் இருந்தது என்று ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. காப்பாற்றியது நீதான்டி.