விலைக்கு இல்லாத மழை

என்னங்க,

இன்று வர முடியவில்லை. மகளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கண்காட்சியில் உங்கள் அரூப ஓவியங்களுக்கு நல்ல கூட்டம். மாட்டவே கூடாது என்று நீங்கள் தலையாட்டிய அந்த இடக்கைப் பென்சில் கோடுகளை வாசலுக்கு எதிரிலேயே மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தா தடுக்கப்போகிறீர்கள்?

ஒருவர் அதன் முன்னாலேயே நின்றார். "இது மழைதானேங்க? எனக்கு வேணும், என்ன விலை?"

"மழைதாங்க. ஆனா விக்கிறதுக்கில்ல."

தினமும் காலையில் உங்கள் கட்டிலருகே உட்கார்ந்து நான் தலைவாருவதை அவர் எங்கே கண்டார்? நரைமுடிக்கு மட்டும் பென்சில் படாமல் வெள்ளையாக விட்டிருக்கிறீர்கள். வலக்கை ஓய்ந்தாலும் குறும்பு ஓயவில்லை.

நாளை மெதுவாகவே தலைவாருகிறேன். பென்சிலை எடுத்து வையுங்கள்.

உங்கள் சண்டைக்காரி