புல்தரையில் விழுந்த மஞ்சள் பட்டைகள்

குன்னூர்
11-9-1997

அன்பு மகள் தங்கமணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் தம்பியும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே மாதிரி இருக்க வேண்டும். திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. மாமாவோடு ஏன் பேசுவதில்லை, அவர் மகள் கல்யாணம் வருகிறதே, மன்னித்துவிடு என்று எழுதியிருந்தாய். யாரோ உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள், மீதியை நான் சொல்கிறேன். அன்றைக்குப் பங்களாப் புல்தரையில் நின்றவர்கள் ஆறு பேர். பங்களா அம்மா, அவர்கள் மேனேஜர் மருதாசலம், தோட்டவேலை பார்க்கிற உன் தம்பி சின்னராஜ், கீழ்வீட்டு ராக்கம்மா, பக்கத்து எஸ்டேட்டில் மருந்தடிக்கிற ஆட்களுக்குச் சூப்பர்வைசராக இருக்கிற உன் மாமா கருணாகரன், நான். ஆனி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ராக்கம்மா இடுப்பில் காலிக் குடம் இருந்தது, மருதாசலம் கோட்டில் நடுப்பொத்தான் இல்லை. நான் எதையும் மறக்கவில்லை கண்ணு.

போன வருஷம் வேலைக்குச் சேரும்போதே உன் தம்பி பங்களா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான், களைக்கு மருந்து அடிக்க மாட்டேன், மூட்டை உரமும் போட மாட்டேன், கையாலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று. ஏன் என்றால் அந்தப் புல்தரைக்கு நேர் கீழேதான் நம் பத்து வீட்டுக்கும் குடிக்கிற ஊற்று இருக்கிறது, மேலே என்ன கொட்டினாலும் மழையில் இங்கேதான் வரும். அவர்கள் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அந்தப் புல்லில்தான் உருளுகிறார்கள், அதனால் சரி, ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார்கள். நானும் கூடப் போய் மழை பெய்து மண் இளகின மறுநாள் சின்னக் கத்தியால் களையை வேரோடு எடுப்பேன். புல்லை ஒட்ட வெட்டாமல் நாலு விரல் உயரம் விட்டு வெட்டுவான், வெட்டினதை அங்கேயே விட்டுவிடுவான், அது மக்கி அதற்கே சோறு. பேக்டரித் தேயிலைக் கழிவை மக்கவைத்துச் சலித்துத் தூவுவோம். சாணியும் வெல்லமும் பத்து நாள் டிரம்மில் ஊறவைத்து, தண்ணீர் கலந்து வாளியில் ஊற்றுவோம். வைகாசியில் வந்து பார்த்திருந்தால் கால் வைக்க உனக்கு மனசு வந்திருக்காது, அப்படி இருந்தது.

வாளி தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பு வலி. உன் மாமா முதுகில் மாட்டி அடிக்கிற எஸ்டேட் மருந்து டேங்கு ஒன்றை ஒரு நாளைக்குக் கொண்டுபோ என்று கொடுத்தான். தண்ணீர் ஊற்றினதும் உள்ளே நுரை வந்தது. மாமா சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார் என்றான் உன் தம்பி, எதற்கும் நாலு தரம் அலசட்டுமா என்று என்னைக் கேட்டான். தாய்மாமன் கழுவிக் கொடுத்ததை நாம் திரும்பக் கழுவினால் அவனை நம்பாத மாதிரி ஆகும், விடு என்று சொன்னவள் நான்தான். சாணித் தண்ணீரைப் பழைய சேலையில் வடிகட்டி அடித்தான். பத்தாம் நாள் புல்தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி மஞ்சள் பட்டை பட்டையாக விழுந்துவிட்டது.

அதற்குத்தான் அன்றைக்குக் கூட்டம். சாணி ஊற்றி நாசம் பண்ணிவிட்டான், நாளையிலிருந்து மருந்துக்கு வேறு ஆள் போடலாம், வேலையோடு கொடுத்த வீட்டை அவன் காலி பண்ணட்டும் என்றான் மருதாசலம். தண்ணிக்குப் போன ராக்கம்மா சத்தம் கேட்டு ஏறி வந்துவிட்டாள், அப்போ எங்க ஊத்துத் தண்ணிக்கு என்ன வழிங்க என்று கேட்டாள். பங்களா அம்மா உன் மாமாவைப் பார்த்து, இத்தனை வருஷம் இதே வேலையில் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். அவனைக் கூப்பிட்டுவிட்டதே அதற்குத்தான். அவன் குனிந்து ஒரு மஞ்சள் புல்லைப் பிடுங்கிப் பார்த்தான், நிமிர்ந்து, "சாணித் தண்ணி சூடுங்கம்மா, புல்லு தாங்காது" என்றான். உன் தம்பி அவனையே பார்த்துக்கொண்டு நின்றான் கண்ணு. அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சாணித் தண்ணீர் அடித்த அன்றைக்கு டிரம்மின் அடியில் மிஞ்சினது அரை வாளி, அதற்காகத் திரும்ப டேங்கைத் தூக்குவானேன் என்று படியோரம் கையாலேயே ஊற்றினேன். பங்களா அம்மாவைக் கையைப் பிடிக்காத குறையாக அங்கே கூட்டிப்போனேன். படியோரம் புல் கருகருவென்று நிற்கிறது. அதே டிரம், அதே சாணி, அதே நாள், டேங்கு வழியாகப் போனது செத்தது, வாளியில் போனது நிற்கிறது, சாணியா கொன்றது என்று கேட்டேன். உன் தம்பி மெதுவாக நுரை வந்ததைச் சொன்னான். அந்த அம்மா படித்தவர்கள், அது சோப்பு நுரை இல்லை, டேங்கில் மிஞ்சின களைமருந்து என்று உடனே விளங்கிவிட்டது. அதற்கு முன்னால் அந்த டேங்கில் என்ன இருந்தது என்று உன் மாமாவைக் கேட்டார்கள். "கழுவித்தானுங்கம்மா குடுத்தேன்" என்று தன் காலைப் பார்த்துச் சொன்னான். மருதாசலம் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நீங்க கழுவின அழகுக்குப் புல்லே செத்துப்போச்சுங்க என்று. அதுவரை அந்த மருதாசலத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது, அன்றைக்கு அது ஒன்றுக்காக மன்னித்தேன்.

உன் தம்பி வேலை தப்பியது, வீடும் தப்பியது. செத்த பட்டையை எல்லாம் மண்ணோடு இரண்டு சாண் ஆழம் வெட்டி ஊற்றுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினோம், நல்ல இடத்திலிருந்து கொடிப்புல்லைப் பிடுங்கி ஒவ்வொரு கணுவாக நட்டோம், ராக்கம்மா கூட வந்து நட்டாள். இரண்டு மாத மழையில் கோத்துக்கொண்டது. எங்கே மஞ்சளாக இருந்தது என்று இப்போது உன் தம்பிக்கே தெரியவில்லை, எனக்குத் தெரியும்.

ஆடி வெள்ளிக்கு உன் மாமா ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். அக்கா, எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம்தான் இருக்கு, எஸ்டேட் டேங்கை வெளியே குடுத்தது தெரிஞ்சா என் கதி என்ன என்றான். அவன் பயம் எனக்குப் புரிந்தது. நான் சொன்னேன், நீ வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா உன்னை மன்னிச்சிருப்பேன், வாயைத் திறந்து என் மகன் மேல போட்டியே என்றேன். பழத்தை ராக்கம்மா பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ குவார்ட்டர்ஸ் முன்னால் புல் வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே வெயில் அதிகம், ஒட்ட வெட்டாதே, தினம் கொஞ்சமாக ஊற்றாமல் வாரம் இரண்டு தரம் நன்றாக நனைய ஊற்று, அப்போதுதான் வேர் கீழே போகும். வடித்த டீத்தூளைச் சர்க்கரை போக அலசிப் போடு. இரவல் டேங்கு வாங்காதே, வாங்கினால் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அலசு, அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மருந்து அடித்த பக்கம் பேத்தியைச் செருப்பில்லாமல் விடாதே. அவள் பாதத்தை நூலால் அளந்து அடுத்த கவரில் வை, குளிருக்குக் காலுறை பின்னுகிறேன், மறந்துவிடாதே, போன தடவையும் மறந்தாய்.

ஐப்பசியில் கல்யாணத்துக்குப் போவேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது, அத்தை செய்ய வேண்டிய முறை எல்லாம் குறையில்லாமல் செய்வேன். சாப்பிட்டுவிட்டும் வருவேன். நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒற்றுமையாக இருங்கள், பேத்திக்கு என் முத்தம். அலசவேண்டாம் என்று சொன்ன என்னை உன் தம்பி மன்னித்துவிட்டான், ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் மாமாவை மன்னித்துவிடு என்று மட்டும் இனி எழுதாதே கண்ணு. நான் இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவன், என் கூடப்பிறந்த கருணாகரன், அவனை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா
மருதாம்பாள்