லோடர் நிற்கக் கூடாத மாதம்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஜல்லி உடைக்கும் கிரஷரில் தூசி கம்மி. புகையை மழை ஒன்றும் செய்யாது. ஜல்லி அள்ளும் பழைய லோடரை ஸ்டார்ட் பண்ணியதும் கரும்புகை கீழ்பென்னாத்தூர் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க அங்கன்வாடிக்குள் நுழைந்தது. அங்கே டீச்சர் என் பெண்டாட்டி சுமதி.

ஓனர் கூப்பிட்டார். கையில் மனு நகல். பிள்ளைகள் இருமுகின்றன, சுவரெல்லாம் கரி என்று ஊர்க்காரர்கள் மாசு வாரியத்துக்கு எழுதியது. முதல் கையெழுத்து சுமதி.

"இன்னா மெக்கானிக், வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையா?"

பேசினோம். அவள் எழுதப்போவது எனக்கு முன்பே தெரியும். தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். கோழை.

நவ. 12, புதன்

வெள்ளிக்கிழமை வாரியத்து அதிகாரி வருகிறார். இன்ஜினைப் பிரிக்கணும், பத்து நாள் லோடர் நிற்கும் என்றேன்.

"பத்து நாளா! கிரிவலப் பாதைக்கு ஜல்லி தீபத்துக்குள்ள போயாவணும். வண்டி ஓடணும், புகை வரக்கூடாது. அவ்ளோதான்."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

செய்ய:
ஏர் ஃபில்டர் புதுசு
நாசில் (டீசல் பீய்ச்சுவது), டவுனில் கொடுத்து செக்
சும்மா நிற்கும்போது இன்ஜின் ஆஃப் (டிரைவர் ஏழுமலை கேட்க மாட்டான்)
பம்ப்பில் டீசல் ஸ்க்ரூவைக் குறைக்க
உளுந்து அரை கிலோ

ஸ்க்ரூ திருட்டுத்தனம். டீசல் குறைந்தால் புகையும் குறையும், இழுவையும் குறையும். நாலு நாள்கூடத் தாங்காது.

நவ. 14, வெள்ளி

நல்ல வெயில். அங்கன்வாடியில் குழந்தைகள் தினம். அதிகாரி லோடரை ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். லேசான சாம்பல் புகை, அவ்வளவுதான். எனக்கே பெருமை.

எதிரே போய், புகை வருகிறதா என்று சுமதியைக் கேட்டார்.

"இப்ப இல்ல சார். எங்க வீட்டுக்காரர் சரி பண்ணிட்டார்."

புகார் தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்து, பிள்ளைகளுக்கு வாங்கிய மிட்டாயில் ஒன்று கொடுத்தாள். ஸ்க்ரூவைக் குறைத்ததைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

நவ. 15, சனி

ஏழுமலை காலையிலேயே கத்தல். "பாதி பக்கெட் கூடத் தூக்கல அண்ணா. சோறு துன்னாத மாடு மாதிரி கீது." ஜல்லிக்கு லாரிகள் வரிசை.

ஓனர்: "ஸ்க்ரூவை ஏத்து."

"நேத்துதான் அதிகாரி..."

"அவரு தினமுமா வரப்போறாரு? உன்னால முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்."

ஏற்றினேன். ஒரு நிமிஷ வேலை. கரும்புகை. எதிரே சுமதி ஜன்னலைச் சாத்தினாள். ச்சே, என்ன பிழைப்பு.

நவ. 16, ஞாயிறு

லீவு. இட்லி. பத்து மணிக்கு சுமதி வந்து எதிரில் உட்கார்ந்தாள். எல்லாம் கேட்டாள். ஸ்க்ரூ வரைக்கும் சொன்னேன்.

"உங்கள நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்? இனிமே நான் சொன்னா அந்த ஆபீசர் கேப்பாரா?"

வேலை போனால் இந்தப் பக்கம் எந்த கிரஷரும் சேர்க்காது, ஓனர்கள் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கொள்கிற ஆட்கள். போகாவிட்டால் நாளைக்கும் அதே புகை, அதே பிள்ளைகள். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

ஒரே மூச்சில் புது மனு எழுதிவிட்டாள். நான் சொன்னது ஒன்று விடவில்லை.

"இந்தத் தடவ மொதல் கையெழுத்து நீங்க போடுங்க."

பேனாவை அதன்மேல் வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். அந்தப் பேனாவில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மனுவில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு டூட்டி.

துவைக்கும் சத்தம் நின்றுவிட்டது. வருகிறாள்.